ஆறு வீடு மாறிய பையனும் ஒரு மென்பொருளும்: பதினான்கு மாத அனுபவம்

பெற்றோருடன் இருக்க முடியாமல் வேறு வீடுகளில் வளரும், அதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் விவரங்களைப் பதிந்து, போக்குகளை வரைபடமாகக் காட்டும் ஒரு மென்பொருளைப் பதினான்கு மாதமாகப் பயன்படுத்துகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது. தவிர, கீழே சொல்லும் குறைகள் இந்த வகை மென்பொருள் எதிலும் இருக்கக்கூடியவைதான். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவினால் சரி.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. பன்னிரண்டு வருடம் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வரும் வேலை. முழங்கால் மக்கர் செய்த பிறகு தரவு மேசைக்கு வந்தேன். அதனால் திரையில் எண்ணைப் பார்த்தால், அதற்குப் பின்னால் யாருடைய பை, யாருடைய செருப்பு என்று தேடுகிற பழக்கம் போகவில்லை.

தோற்றம் நன்றாக இருக்கிறது. வேகமும் பரவாயில்லை. நெட் இல்லாத இடத்திலும் போனில் பதிந்துவிட்டு அப்புறம் ஏற்றலாம். பயிற்சி இரண்டு நாள் கொடுத்தார்கள், ஒரு நாளே போதும். இதையெல்லாம் விற்க வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். நான் வேறு விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது மாதம். ஒரு பையனைப் பற்றிய ஆய்வுக் கூட்டத்துக்கு அறிக்கை எடுத்த சக பணியாளர் என்னிடம் வந்து, "அக்கா, இவன் ரெண்டு வீட்லதான் இருந்திருக்கான்னு ஸ்கிரீன் சொல்லுது, சரியா?" என்றாள். அந்தப் பையனை எனக்குத் தெரியும். வந்து 250 நாள் ஆகியிருந்தது. அதற்குள் ஆறு வீடு. நான்காவது வீட்டில் விட்டுவந்த சைக்கிள் ஹெல்மெட்டை ஐந்தாவது வீட்டில் இருந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தவன். ஆறு எப்படி இரண்டாகும்?

தோண்டிப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். மென்பொருளில் ஒரு குழந்தை இடம் மாறினால் பதிவதற்கு 'இட மாற்றம்' என்று ஒரு படிவம் இருக்கிறது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் பதினொன்று. பக்கத்திலேயே முகவரிக்கு நேராகச் சின்னதாக ஒரு பென்சில் படம். அதைத் தொட்டால் பழைய முகவரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதிவிடலாம். இரவு பதினொரு மணிக்கு ஒரு குழந்தையை அவசரமாக வேறு வீட்டில் சேர்த்துவிட்டு, காரில் உட்கார்ந்து போனில் பதிகிற பணியாளர் எதைத் தொடுவார்? நானாக இருந்தாலும் பென்சிலைத்தான் தொட்டிருப்பேன். திருத்திய ஒவ்வொரு தடவையும் முந்தைய வீடு காணாமல் போனது. அப்படி நான்கு வீடுகள் மறைந்தன.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் மாநிலங்களின் குழந்தை நலப் பணியை மத்திய அரசு மதிப்பிடும்போது பயன்படுத்தும் அளவுகளில் ஒன்று, பராமரிப்பில் இருந்த ஒவ்வொரு 1,000 நாளுக்கும் எத்தனை இட மாற்றம் என்பது. முதலில் சேர்த்த இடம் மாற்றமாகக் கணக்கில் வராது. அதற்குப் பிறகு நடப்பவைதான். எங்கள் பையனுக்கு 250 நாளில் ஐந்து மாற்றம், அதாவது ஆயிரம் நாளுக்கு 20. மென்பொருள் கணக்கில் ஒரே மாற்றம், ஆயிரத்துக்கு 4. அங்கே நாடு முழுவதற்குமான அளவே சுமார் நாலரைதான். ஆக, ராத்திரியோடு ராத்திரியாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த பையன், திரையில் சராசரியைவிட நிம்மதியாக இருந்தான்.

புகார் அனுப்பினோம். "பணியாளர்களுக்கு மறுபயிற்சி கொடுங்கள்" என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பதினொரு கட்டத்தையும் ஒரு பென்சிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது பணியாளரா? இரண்டு மாதம் விடாமல் எழுதிய பிறகு மாற்றினார்கள்: இப்போது பென்சிலைத் தொட்டால், 'எழுத்துப் பிழையைத் திருத்துகிறீர்களா, குழந்தை இடம் மாறியதா?' என்று கேட்கிறது. இடம் மாறியது என்றால் தேதியும் புது வீடும் மட்டும் போதும், மிச்சத்தை மறுநாள் நிரப்பலாம். அந்த ஒரு கேள்வி வந்த அடுத்த மாதமே எங்கள் இட மாற்ற எண்ணிக்கை எகிறியது. மேலிடத்தில் பயந்துவிட்டார்கள். நிலைமை மோசமாகவில்லை, இப்போதுதான் கண்ணில் படுகிறது என்று விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அடுத்தது முகப்புப் பக்கம். திறந்ததும் நடுவில் பெரிதாக, 'இன்று பராமரிப்பில் இருப்பவர்கள்', அதன் கீழே 'சராசரியாகத் தங்கிய காலம்'. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள், அதைத்தான் கூட்டத்தில் சொல்கிறார்கள். நான் புதிதாக வருகிறவர்களுக்கு இதை இரண்டு கட்டில் கணக்காகச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு வீட்டில் இரண்டு கட்டில். ஒன்றில் ஒரே குழந்தை வருடம் முழுக்க இருக்கிறது. இன்னொன்றில் மாதத்துக்கு ஒரு குழந்தை வந்து, மாதக் கடைசியில் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. எந்த நாள் போய்ப் பார்த்தாலும் இரண்டில் ஒன்று நெடுநாள் குழந்தை, அதாவது பாதி. வருடம் முழுக்க வந்தவர்களை எண்ணினால் பதிமூன்று பேர், அதில் பன்னிரண்டு பேர் ஒரே மாதத்தில் வீடு திரும்பியவர்கள். இரண்டும் உண்மை. இன்றைய தேதிக்கு எத்தனை கட்டில் வேண்டும் என்றால் முதல் கணக்கு. இன்று வருகிற ஒரு குழந்தைக்கு என்ன நடக்க வாய்ப்பு என்று கேட்டால் இரண்டாவது. முகப்புப் பக்கம் முதல் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறது.

சராசரி இன்னும் மோசம். அது வெளியேறிய குழந்தைகளை மட்டும் வைத்துப் போடுகிறது. உள்ளேயே இருப்பவர்கள் கணக்கில் இல்லை. போன வருடம் ஒரே மாதத்தில், நாலைந்து வருடமாக இருந்த மூன்று குழந்தைகளுக்குத் தத்து முடிந்தது. அலுவலகத்தில் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தோம். திரையைப் பார்த்தால் முகப்புப் பக்கம் சிவப்பு: 'தங்கும் காலம் அதிகரித்துள்ளது, கவனிக்கவும்'. அந்த மூன்று பேரும் போகாமல் இருந்திருந்தால் பச்சையாகவே இருந்திருக்கும்.

இதே குழப்பம் பெரிய அளவிலும் நடக்கும். அமெரிக்காவில் ஒவ்வொரு செப்டம்பர் 30 அன்றும் பராமரிப்பில் இருப்பவர்களை எண்ணுகிறார்கள். மாநிலங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பும் விவரத்திலிருந்து வரும் எண் அது. 2018-இல் 4.3 லட்சத்துக்கு மேல். 2023-இல் சுமார் 3.43 லட்சம். குறைந்ததைப் பார்த்ததும், குழந்தைகள் சீக்கிரம் வீடு போகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் புதிதாக உள்ளே வருகிறவர்களின் எண்ணிக்கையும் நன்றாகவே குறைந்திருக்கிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் குழாய் மூடியதா, அடைப்பு திறந்ததா என்று பார்க்காமல் சொல்ல முடியுமா?

இப்போது பாராட்டு. அறிக்கைகள், மேம்பட்டவை, அதற்குள் மூன்றாவது தாவல் என்று யாரும் போகாத மூலையில் 'சேர்ந்த காலாண்டு வாரியாக' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு காலாண்டில் சேர்ந்த எல்லாக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, மூன்று மாதம், ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு மாதத்தில் எத்தனை பேர் இன்னும் உள்ளே, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், திரும்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று ஒரே கோட்டில் காட்டுகிறது. இன்னும் போகாதவர்களும் கணக்கில் இருக்கிறார்கள். இதற்காக மட்டுமே இந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்பேன். இதை முகப்புக்குக் கொண்டுவாருங்கள் என்று நான்கு தடவை எழுதிவிட்டேன். "மற்ற வாடிக்கையாளர்கள் கேட்கவில்லை" என்றார்கள். கேட்கத் தெரிந்தால்தானே கேட்பார்கள்.

இன்னொரு நல்ல விஷயம், திரும்பி வரும் குழந்தைக்குப் புது எண் கொடுக்காமல் பழைய கோப்பைத் தேடி எடுத்து நீட்டுகிறது. ஒரே பெயரை நாமே மூன்று விதமாக எழுதுவோம். பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் ஒப்பிட்டு, 'இவரா?' என்று கேட்கிறது. பழைய மென்பொருளில் ஒரே பெண் குழந்தை மூன்று எண்ணில் மூன்று பேராக இருந்தாள். மூன்று தடவையும் 'முதல்முறை' என்றே பதிவாகியிருந்தது.

மன நலக் கேள்வித்தாள் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தையின் பலங்களும் சிரமங்களும் பற்றி 25 கேள்விகள் கொண்ட ஒரு தாள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. இங்கிலாந்தில் ஒரு வருடத்துக்கு மேல் பராமரிப்பில் இருக்கும் 4 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்கு இதையே கேட்கிறார்கள். சிரமம் பற்றிய இருபது கேள்விக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 40. வளர்ப்புப் பெற்றோர் நிரப்புவதில் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் கவலைப்பட வேண்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். எண் குறைந்தால் குழந்தை நலம்.

சரி, வளர்ப்பு அம்மா ஆறு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால்? மென்பொருள் அந்த ஆறையும் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் என்றால் 'சிரமமே இல்லை'. குழந்தை வந்து மூன்று நாள்தான் ஆகிறது, 'பொய் சொல்வானா', 'மற்ற பிள்ளைகள் ஒதுக்குகிறார்களா' என்றெல்லாம் கேட்டால் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நேர்மையாகக் காலியாக விட்டிருந்தார். 12 மதிப்பெண் என்று பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் கேள்வித்தாளின் விதிப்படி, ஒரு பிரிவிலுள்ள ஐந்து கேள்வியில் குறைந்தது மூன்று நிரம்பியிருந்தால் மிச்சத்தை நிரம்பியவற்றின் விகிதத்தில் கணக்கிடலாம். அதற்கும் குறைந்தால் மதிப்பெண்ணே போடக் கூடாது. இரண்டு பிரிவில் இரண்டிரண்டு கேள்விதான் நிரம்பியிருந்தது. ஆக அந்தத் தாளுக்கு மொத்த மதிப்பெண் என்று ஒன்றே கிடையாது. இதைச் சொன்ன ஒரே வாரத்தில் சரிசெய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பழைய தாள்களைத் திரும்பக் கணக்கிட மாட்டோம் என்றுவிட்டார்கள். இரண்டு வார இறுதி உட்கார்ந்து நானே கையால் போட்டேன்.

குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்று மென்பொருளே கணித்துச் சொல்லும் 'ஆபத்து மதிப்பெண்' என்று ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் அலிகெனி கவுண்டியில் 2016 முதல் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு பற்றிய புகார் அழைப்புகளை வடிகட்ட இப்படி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அரசு உதவி வாங்கும் குடும்பங்களைப் பற்றித்தான் அரசிடம் அதிகத் தரவு இருக்கும், அதனால் ஏழைகள் மேலேயே மதிப்பெண் ஏறும் என்ற விமர்சனம் அதன்மேல் உண்டு. எங்களுக்கு வந்த மென்பொருளில் எதை வைத்து மதிப்பெண் போடுகிறது என்று கேட்டேன். வணிக ரகசியமாம். அப்படியானால் வேண்டாம்.

அனுமதி, கடவுச்சொல் விஷயங்கள் ஒழுங்காக இருக்கின்றன. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பது பதிவாகிறது. ஒன்று மட்டும்: வயது 14, பெண், இன்ன பள்ளி என்று வடிகட்டினால் '1' என்று காட்டிவிடும். பெயர் இல்லாவிட்டாலும் அது யார் என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். ஐந்துக்குக் குறைவான எண்களை மறைக்கும்படி அமைப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. வாங்கும்போது அது அணைந்த நிலையில்தான் வரும், முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எனக்குத் தீராத குறை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தை வெளியேறியதும் கோப்பு பூட்டிக்கொள்கிறது. பதினெட்டு நிறைந்து போன பெண் ஆறு மாதம் கழித்துப் போன் செய்து வேலை கிடைத்தது என்றால் எழுத இடமில்லை. தங்க இடமில்லை என்று சொன்னாலும் இடமில்லை. அமெரிக்காவில் 2010 முதல், பராமரிப்பில் இருந்த இளைஞர்களை 17, 19, 21 வயதில் தேடிப் பிடித்து, வேலை, படிப்பு, வீடு, நம்பிப் பேசப் பெரியவர் யாராவது உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். இங்கே 'விளைவுகள்' என்ற தலைப்பில் இருப்பது வெளியேறிய காரணம் ஒன்றுதான். அதிலும் 'மற்றவை' என்பதைப் பட்டியலில் முதலாவதாக வைத்திருக்கிறார்கள், அதனால் பாதிப் பேர் 'மற்றவை'. போனவர்கள் விவரத்தை நான் தனியாக ஒரு எக்செல் தாளில் வைத்திருக்கிறேன். 61 வரிசை. அதில் 38 பேர் இப்போதும் போனை எடுக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒரு வருடத்துக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறோம், பூட்டைத் திறந்து கொடுத்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், டெமோவில் அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தரவைப் பார்க்காதீர்கள். அதில் எல்லாக் குழந்தையும் ஒரே வீட்டில் சேர்ந்து ஒரே தடவை வெளியேறும். ஒரு குழந்தையை அங்கேயே உங்கள் கண் முன்னால் பதியச் சொல்லுங்கள்: ராத்திரியில் சேர்ந்தது, இரண்டு வீடு மாறியது, அம்மாவிடம் போனது, நான்கு மாதத்தில் திரும்பி வந்தது, மறுபடி ஒரு வீடு மாறியது. அப்புறம் அந்தக் குழந்தையின் முழுப் பாதையையும் ஒரே திரையில் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தவரிடம் இதைக் கேட்டேன். மூன்றாவது வீடு வரைக்கும் வந்தார். அப்புறம், "மேடம், இதை ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன்" என்று லேப்டாப்பை மூடினார்.