ஊரில் இரண்டு மருத்துவர்கள், நான்கு பாட்டில், ஒரு ரத்தப் பரிசோதனை

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தோம். என் மகனுக்கு ஒன்பது வயது, ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) இருக்கிறது. இரண்டு வருஷமாக அதற்குக் காலையில் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை போடுகிறான். அது சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. அதனால் மருத்துவரின் கடிதம், மருந்துச் சீட்டு, பெயர் ஒட்டிய டப்பா மூன்றையும் கைப்பையிலேயே வைத்திருந்தேன். இதே மருந்தோடு பயணம் போகிறவர்கள் இரண்டு நாட்டு விதிகளையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் தூக்கம் குலைந்து ரொம்ப ஆடிவிட்டான். பார்த்த பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. "பச்சப்புள்ளைக்கு எதுக்குடி இந்த மருந்து? உடம்புல சத்து இல்ல, அவ்வளவுதான். வைட்டமின் குடுத்தா சரியாயிடும்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. மருந்து போட ஆரம்பித்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒருவேளை சத்துக் குறைவுதானோ என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

உறவினர் சொன்ன ஒரு மையத்துக்குப் போனோம். பத்து நிமிஷம் பேசினார்கள். எடைகூடப் பார்க்கவில்லை. கையில் நான்கு பாட்டில் கொடுத்து, "அந்த மாத்திரைய இன்னையோட நிறுத்திடுங்க" என்றார்கள்.

அன்று ராத்திரி நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்து, லேபிளைப் படித்துக் கணக்குப் போட்டேன். ஒன்றில் துத்தநாகம் 10 மில்லிகிராம், இன்னொன்றில் 15, மூன்றாவதில் 20. ஆகமொத்தம் ஒரு நாளைக்கு 45. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைக்குத் தேவை 8 மில்லிகிராம்தான், உச்ச வரம்பே 23. அளவு மீறிய துத்தநாகம் நாள்பட்டால் உடம்பில் தாமிரத்தைக் குறைத்துவிடும். அவற்றில் இருந்த வைட்டமின் ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை, மிஞ்சியது சிறுநீரில் போகாமல் உடம்பிலேயே தங்கும். நான்கு பாட்டிலையும் பிரிக்காமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டேன்.

மறுவாரம் குழந்தை நல மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். உயரம், எடை, தூக்கம், பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராத்திரி கால் உதைக்கிறானா என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் போர்வை கீழேதான் கிடக்கும். இரும்புச் சத்து குறைந்தால் அப்படி உதைப்பதுண்டாம். ரத்தம் எடுப்பதற்கு முன் சளி, காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்தார். உடம்பில் தொற்று இருந்தால், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு கூடுதலாகக் காட்டுமாம்.

ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. வைட்டமின் டியும் போதுமான அளவு. ஃபெரிட்டின் மட்டும் 14, அது குறைவு. ரத்தசோகை இல்லாமலேயே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கவனத்துக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். "குறைஞ்சிருக்கிறத ஈடுகட்டுறோம்மா. இது அந்த மாத்திரைக்குப் பதில் இல்ல, கூட நிக்கிற துணை. மாத்திரைய நிறுத்தாதீங்க."

வந்தபிறகு நானும் தேடிப் படித்தேன். பிரான்சில் 2008-ல் வெளியான ஆய்வில், ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கு 12 வாரம் இரும்பு கொடுத்ததில் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் மொத்தமே 23 பிள்ளைகள்தான். 2022-ல் வந்த பெரிய ஆய்வில் மருந்து எடுக்காத 135 பிள்ளைகள். பல சத்துகள் சேர்ந்த மாத்திரையை எட்டு வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாத மருத்துவர்கள் மதிப்பிட்டதில், சத்து எடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 18 சதவீதம். பெற்றோர் போட்ட மதிப்பெண்ணிலோ இரு பக்கமும் வித்தியாசமே இல்லை. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1984-ல், வைட்டமின்களை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகள் தேறவில்லை, பலருக்கு ஈரல் நொதிகள்தான் ஏறின. எந்த அளவில், எதை, யாருக்கு என்று பார்க்காமல் "வைட்டமின் நல்லதுதானே" என்று சொல்வதைக் கேட்டால் இப்போது எனக்குப் பதறுகிறது.

இப்போது இரும்புச் சத்து மருந்து ஆறாவது வாரம். பல்லில் கறை படியாமல் இருக்க ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறான், உடனே வாய் கொப்பளிக்கிறான். பாலோடு கொடுப்பதில்லை, இரும்பு உடம்பில் சேராது. பாட்டிலை அலமாரியில் பூட்டித்தான் வைக்கிறேன். வீட்டில் மூன்று வயதுத் தங்கை இருக்கிறாள், சின்னப் பிள்ளைகள் இரும்பு மருந்தை அள்ளிக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

கால் உதைப்பது குறைந்திருக்கிறது. காலையில் போர்வை கட்டில்மேலேயே கிடக்கிறது. வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால் இன்னமும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடுகிறான், காலை மாத்திரையும் அதே அளவில் தொடர்கிறது. மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த முடிவை இங்கேயே எழுதுகிறேன்.