வார இறுதி ஓவிய வகுப்புக்கு கேமல் போஸ்டர் கலர்: சின்ன டப்பாவா, பெரிய குப்பியா?

ஜவகர் சிறுவர் மன்றமோ, நூலக மாடியோ, தெருச் சங்கக் கட்டடமோ, ஓவிய வகுப்பு என்று தொடங்கினால் முதலில் வந்து சேர்வது போஸ்டர் கலர். கேமல் போஸ்டர் கலர் அநேகமாக எல்லா ஊர் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். தீர்ந்த நிறத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்பது வகுப்பு நடத்துபவருக்குப் பெரிய வசதி. ஆனால் பலரும் வாங்குவது 12 நிற டப்பா. வீட்டில் ஒரு பிள்ளை வரைய அது போதும். 20 பிள்ளைகள் உட்காரும் வகுப்புக்கு அது வீண்செலவு.

டப்பாவில் ஒவ்வொரு குப்பியும் 10 மில்லி, வெள்ளையும் அதே அளவுதான். வானம், முகம், பூவிதழ் எல்லாவற்றுக்கும் வெள்ளை போகிறது. அது தீர்ந்த பிறகு பச்சையும் பிரவுனும் மூடி திறக்காமல் கிடக்கும். ஆகவே 100 மில்லி குப்பிகளாக லெமன் யெல்லோ, கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரின் (அடர் நீலம்), கறுப்பு ஆகியவற்றில் ஒவ்வொன்று, வெள்ளை மட்டும் இரண்டு வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒரு தட்டு, தட்டில் நிறத்துக்கு 5 மில்லி என்று வைத்தால் 20 பேருக்கு 50 மில்லி ஆகும். ஒரு குப்பி இரண்டு வகுப்புக்கு வரும். கறுப்பைக் கடைசி அரைமணி நேரத்தில் மட்டும் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் எல்லாத் தட்டிலும் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற இந்த மூன்று நிறத்தில் கலவை நன்றாகவே வருகிறது. கிரிம்சனும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் தெளிந்த ஊதா. அதே இடத்தில் ஸ்கார்லெட் போட்டால் பழுப்பாகிவிடும், காரணம் அந்தச் சிவப்பிலேயே மஞ்சள் சாயல் இருக்கிறது. லெமன் யெல்லோவோடு அல்ட்ராமரின் கொடுப்பது அடங்கின இலைப்பச்சை. கிளிப்பச்சை வேண்டுமானால் பிரஷ்யன் ப்ளூ ஒன்றும் வாங்க வேண்டும். ஒளிரும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அவை வேண்டாம்.

போஸ்டர் கலரின் பலம் தட்டையான, பளபளப்பில்லாத, அடியை மறைக்கும் பூச்சு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் எழுதும் பிள்ளைகள் டிசைன் பழக இதைவிட எளிதான பொருள் கிடையாது. பதம்தான் சூட்சுமம். குப்பியிலிருந்து எடுத்த கெட்டிப் பசையைத் தண்ணீர் விட்டு ஆப்ப மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் கூடினால் பிசின் போதாமல் காய்ந்தபின் விரலில் பொடியாக ஒட்டும், பூச்சும் திட்டுத்திட்டாகத் தெரியும். கெட்டியாக அப்பினால் காய்ந்ததும் வெடிக்கும். படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடும் பழக்கம் இருந்தால் வெடிப்பு நிச்சயம். படங்களை ஃபைலில் தட்டையாக வையுங்கள்.

இன்னொரு குணம்: காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். மஞ்சள்மேல் நீலம் தீட்டும்போது பிரஷ்ஷை முன்னும் பின்னும் தேய்த்தால் அடியிலுள்ள மஞ்சள் எழுந்து பச்சையாகும். அடிப்பூச்சு முழுக்கக் காயட்டும். பிறகு தண்ணீர் குறைத்து, ஒரே இழுப்பில் தீட்ட வேண்டும். வெளிர் நிறங்கள் காய்ந்தால் சற்று அடர்ந்தும், அடர் நிறங்கள் சற்று வெளுத்தும் போகும். ஒரு பின்னணிக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலந்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி பிடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

குப்பிக்குள் ஈர பிரஷ் போகவே கூடாது. உள்ளே இருப்பது பிசின், தண்ணீர் சேர்ந்தால் நாற்றம் பிடிக்கும், பூஞ்சை கட்டும். காய்ந்த ஐஸ்கிரீம் குச்சியால் எடுத்துத் தட்டில் வையுங்கள். மூடியின் உள்விளிம்பைத் துடைத்துவிட்டு மூடாவிட்டால் அடுத்த வாரம் இடுக்கி தேட வேண்டியிருக்கும். இறுகிப்போனதில் சொட்டுச்சொட்டாகக் காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவிடலாம். முழுக்கக் கட்டியானதைக் கண்ணாடிப் பலகையில் நிறம் குழைக்கும் நைஃபால் அரைத்தால் பயிற்சிக்கு உதவும், தேர்வுத் தாளுக்கு உதவாது.

சார்ட் பேப்பர் ஈரத்தில் நெளியும். கார்ட்ரிட்ஜ் தாள் நல்லது. 22×30 அங்குல முழுத்தாளை நாலாக வெட்டினால் 11×15 கிடைக்கும், 20 பேருக்கு ஐந்து தாள். நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, முழுக்கக் காய்ந்தபிறகு மட்டும் உரியுங்கள், இல்லையென்றால் தாளும் கூடவே வரும். பிரஷ்ஷில் நைலான் ரவுண்டு 2, 6, 10 மூன்றும் போதும். பிரஷ்ஷைத் தண்ணீர் மக்கில் நிற்கவிட்டால் முடி வளையும், கட்டை ஊறித் தகரப்பிடி ஆடும். கழுவிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

வாட்டர்கலர் போல ஒளி ஊடுருவும் பூச்சு கற்பிக்க இது சரிவராது, தண்ணீரை எவ்வளவு கூட்டினாலும் பால் கலந்தது போலவே இருக்கும். மழை படும் சுற்றுச்சுவருக்கும் வேண்டாம், முதல் மழையிலேயே வழிந்துவிடும். அங்கே வெளிச்சுவர் எமல்ஷன் பெயிண்டில் ஸ்டெயினர் (நிறமேற்றும் சாயம்) கலந்துகொள்ளுங்கள். கொலுவுக்கு மண் பொம்மை தீட்டலாம். மண் ஈரத்தை இழுக்கும் என்பதால் முதலில் வெள்ளை ஒரு பூச்சு, பிறகு நிறம், கடைசியில் ஸ்ப்ரே வார்னிஷ். வார்னிஷைப் பிரஷ்ஷால் தேய்த்தால் நிறம் கலங்கிவிடக்கூடும்.