நேரில் கேட்பதா, எழுதித் தரச் சொல்வதா?

"சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுறார் சார்" என்று ஒருவர் வந்து நிற்கிறார். உட்கார வைத்துக் கேட்பதா, "மெயில் போடுங்க" என்பதா? பல மேனேஜர்கள் குழம்பும் இடம் இது.

நேரம்
நேரில்: கதவைச் சாத்தி, போனை அணைத்து, அரை மணி நேரமாவது வேண்டும்.
எழுத்தில்: உங்களுக்கு ஐந்து நிமிடம். எழுதுபவருக்கோ ஒரு இரவுத் தூக்கம் போகும்.

நம்பிக்கை
நேரில்: பெரும்பாலும் முதலில் சின்ன விஷயத்தைத்தான் சொல்வார்கள். குறுக்கிடாமல் இருந்தால்தான் உள்ளே இருக்கும் வேதனை வெளியே வரும். "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று ஒரு வார்த்தை விட்டால் போச்சு, மறுபடி வாய் திறக்கமாட்டார்கள்.
எழுத்தில்: அந்தத் தயக்கம் உங்கள் கண்ணில் படவே படாது.

ஆதாரம்
நேரில்: அன்றே குறித்துவைத்து, அவரிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும்.
எழுத்தில்: தேதி, இடம், சாட்சி எல்லாம் பதிவாகும்.

பாலியல் தொந்தரவு என்றால் கதையே வேறு. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் பெண் ஊழியர் அங்கே எழுத்தில் புகார் தரலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். மேனேஜர் தானே சமாதானம் பேசி நாளைக் கடத்துவது பெரிய அநியாயம்.

முதல் தடவை வருபவர், பயந்திருப்பவர், எழுதத் தயங்குபவர்: நேரில் கேளுங்கள். சொல்லியும் மாறவில்லை, நடவடிக்கை வேண்டும் என்பவர்: எழுத்தில் வாங்குங்கள். புகாருக்கு ஆளானவர் உங்கள் நண்பர் என்றால், வேறொரு அதிகாரியிடம் விட்டுவிடுங்கள்.