வலது கட்டைவிரலும் சின்ன வெங்காயமும்: பில்டர் ஜெல்லோடு ஒன்றரை வருடம்

போன வாரம் அத்தை மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. பில்டர் ஜெல் (நகத்தின் மேல் தடிமனாகப் பூசி விளக்கொளியில் இறுகவைப்பது), அதற்கான விளக்கு, நகம் ராவுகிற ஃபைல், பஃபர் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி, பாதி விலைக்கு. "அக்கா, நீங்க போடுறது இதுதானே? வாங்கலாமா?" அன்று காலையில்தான் என் வலது கட்டைவிரலில் ஜெல் ஓரம் கிளம்பியிருந்தது. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பாதி கழுவும்போதே மனசு உறுத்தியது. இத்தனை நாள் விடாமல் போட்டுக்கொண்டு, கேட்டவளை மட்டும் ஒரு சொல்லில் விரட்டினால் எப்படி? அதனால் அவளுக்கே முழுசாக எழுதுகிறேன்.

என் நகம் வெங்காயச் சருகு மாதிரி. நுனியில் அடுக்கடுக்காக உரியும், கொஞ்சம் வளர்ந்தால் மடங்கி ஒடியும். சாதா நெயில் பாலிஷ் இரண்டு நாள், ஜெல் பாலிஷ் ஒரு வாரம், அவ்வளவுதான் தாங்கும். பில்டர் ஜெல் மூன்று வாரம் நின்றது. நான் போடுவது பாட்டிலில் பிரஷ்ஷோடு வருகிற வகை, அசிட்டோனில் ஊறவைத்தால் கரைவது. டப்பாவில் வரும் ஹார்டு ஜெல் கரையாது, ராவித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் நான் போகவில்லை. நீளமும் வைப்பதில்லை. விரல் நுனியோடு நிற்கிற நகம்தான், ஆனால் ஒடியாது.

அந்த ஒடியாத நகம் கொடுத்த சந்தோஷம் நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது: சின்ன வெங்காயம். சாம்பாருக்கு அரைக் கிலோ உரிக்க உட்கார்ந்தால் முன்பெல்லாம் கத்தி வேண்டும், பொறுமை வேண்டும், கடைசியில் நகக்கண் எரியும். இப்போது அடியில் நகத்தை ஒரு அழுத்து அழுத்தினால் தோல் சட்டையைக் கழற்றுகிற மாதிரி வருகிறது. பூண்டு, இறால் ஓடு, மாதுளை, டேப் ஒட்டிய பார்சல், எல்லாவற்றுக்கும் இந்த நகம்தான். மாமியார்கூட "உன் கையில வேலை சீக்கிரம் முடியுதே" என்று சொன்னார். அவர் பாராட்டுவது அபூர்வம், அதனால் பதிவு செய்துவைக்கிறேன்.

சரி, இனி கட்டைவிரல்.

இடது கையில் ஐந்து விரலும் இருபது நாளைக்கு மேல் அசையாது. வலது கையில் நாலு விரல் பரவாயில்லை. வலது கட்டைவிரல் மட்டும் ஐந்தாம் நாள், நகம் தொடங்குகிற தோல் பக்கத்து ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு காட்டும். தலைமுடி அதில் மாட்டும். கோடு தெரிந்துவிட்டால் விரல் சும்மா இருக்குமா? வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்து வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அந்த ஓரத்தை நிரடிக்கொண்டே இருப்பேன். ஒருமுறை அப்படி நிரடி நிரடி மொத்தமாகப் பிய்த்தெடுத்துவிட்டேன். கூடவே நகத்தின் மேல் அடுக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல நாள் சூடான ரசம் சாதம் பிசையும்போது அந்த விரல் சுருக்கென்றது. பிய்க்காதே. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. கிளம்பிய இடத்தில் பசை விட்டு ஒட்டுவதும் கூடாது. உள்ளே ஈரம் தங்கினால் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். கிளம்பிய பகுதியை ராவி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும்.

முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டேன், அதில் பாதி உண்மையும் இருந்தது. நாலு விரலையும் விளக்குக்குள் வைக்கும்போது கட்டைவிரல் தானாகப் பக்கவாட்டில் சாய்ந்துகொள்கிறது. வெளிச்சம் நேராக விழுவதில்லை, ஜெல்லும் ஒரு பக்கமாக வழிகிறது. கட்டைவிரல்களைத் தனியாக, மேல்நோக்கித் தட்டையாக வைத்துக் காயவைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ஐந்து நாள் ஒன்பது நாள் ஆனது.

அடுத்த சந்தேகம் முன்தயாரிப்பு. நகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கிற மெல்லிய தோலைச் சுரண்டி எடுக்காவிட்டால் ஜெல் நகத்தில் ஒட்டாது, அந்தத் தோலில்தான் ஒட்டும். வலது கைக்கு இடது கையால் இதைச் செய்ய வேண்டும். என் இடது கை கோலப்பொடி பிடித்தால்கூட நடுங்குகிற கை. கண்ணாடி போட்டு, மேஜை விளக்கு போட்டு, கட்டைவிரலுக்கு மட்டும் பத்து நிமிடம் செலவழித்தேன். பதினோராம் நாள் கிளம்பியது. பிராண்டையும் மாற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு.

காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மா. ஊரிலிருந்து வந்திருந்தவர் ஒரு ஞாயிறு என் எதிரே உட்கார்ந்து நான் வெங்காயம் உரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ உரிக்கலடி, நெம்புற. அப்புறம் எப்படி ஒட்டி நிக்கும்?" என்றார். யோசித்துப் பார்த்தால் கணக்கு சரிதான். நுனியை வெங்காயத் தோலுக்கு அடியில் கொடுத்து நெம்பும்போது என் மெல்லிய நகம் வளைகிறது, தடித்த ஜெல் அந்த அளவுக்கு வளைவதில்லை. நுனியில் கொடுத்த அழுத்தம் மறுமுனையில், தோல் பக்கத்தில், பிடியை விடுவிக்கிறது. அடுத்த முறை போட்டதிலிருந்து வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கத்தியால் உரித்தேன். இருபத்துமூன்று நாள், வலது கட்டைவிரல் கல் மாதிரி நின்றது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பலமான நகம் என்று விற்கிறார்கள். அந்தப் பலத்தை வைத்து ஒரு வெங்காயம் உரிக்கக்கூடாதாம். அப்புறம் எதற்குப் பலம்? விளம்பரத்தில் வருகிற கைகள் எதையாவது உரித்துப் பார்த்திருக்கிறாயா? கோப்பை பிடித்திருக்கும், பூ பிடித்திருக்கும். இருபத்துமூன்று நாள் வெற்றிக்குப் பிறகு பழக்கம் போகுமா, மறுபடி நகத்தாலேயே உரிக்க ஆரம்பித்துவிட்டேன். மறுபடி கோடு.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். மஞ்சள் கறை ஏறும், அதுவும் வெளிர் ரோஜா நிறத்தில் போட்டால் ஒரே பிரியாணியில் கல்யாணப் பெண் கை ஆகிவிடும். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற வெயிலில் கறை தானாக வெளுக்கிறது, மஞ்சளின் குணம் அது. இப்போது அடர் மெரூன்தான் போடுகிறேன். சென்னை மே மாதத்தில் ஜெல் எண்ணெய் மாதிரி ஓடும். பாட்டிலை ஃபிரிட்ஜ் கதவில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் அடங்கும். ராவும்போது தூசு பறக்கும் என்பதால் மாஸ்க் போட்டு, ஃபேனையும் நிறுத்த வேண்டும். மே மாதம், ஃபேன் இல்லாமல், மாஸ்க்கோடு ஒரு மணி நேரம். விளக்குக்குள் சில விநாடி நகம் சுடும், ஜெல் இறுகும்போது வெளியேறுகிற சூடு அது. தடிமனாக ஒரே கோட் போட்டதால் முதல் நாள் கையை வெளியே இழுத்துக்கொண்டு கத்தினேன். மெல்லிசாக இரண்டு கோட் போட்டால் பொறுக்கலாம்.

நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் போல வளரும். நாலாவது வாரத்தில் ஜெல்லின் மேடு முன்னால் நகர்ந்துவிடும், தோல் பக்கம் வெறுமையாகும். முழுசாகக் கரைக்காமல் மேலே ராவி இடைவெளியை நிரப்பினால் போதும். சலூனில் ஒரு முறைக்குக் கொடுக்கிற காசில் எனக்கு ஒரு பாட்டில் வந்துவிடுகிறது, அது பல மாதம் ஓடுகிறது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. காயாத ஜெல் தோலில் படக்கூடாது. ஜெல்லில் இருக்கிற ஹெமா (HEMA) போன்ற அக்ரிலேட்டு ரசாயனங்கள் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும். பல் அடைப்புக்குப் போடுகிற பொருள்களிலும் அதே குடும்பத்து ரசாயனங்கள் உண்டு, அதனால் அங்கேயும் தொல்லை வரலாம். விளக்கும் ஜெல்லும் பொருந்தாவிட்டால் மேலே காய்ந்த மாதிரி இருந்து உள்ளே காயாமல் கிடக்கும். ஜெல்லை விளக்கொளியில் இறுகவைக்கிற டிபிஓ (TPO) என்கிற இன்னொரு ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்துவிட்டது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியில் எங்கேயும் சேர்மானப் பட்டியல் இல்லை.

ஆகவே அந்தப் பெட்டி வேண்டாம். என் நகம் இப்படி நன்றாக இருந்ததே இல்லை, பள்ளிக்கூட நாளிலிருந்து கணக்குப் பார்த்தாலும். ஆனாலும் பில்டர் ஜெல்லே வேண்டாம் என்றுதான் இன்று சொல்வேன், ஏனென்றால் இதைத் தட்டச்சு செய்கிற ஒவ்வொரு முறையும் ஸ்பேஸ் பட்டனில் அந்தக் கிளம்பிய ஓரம் டிக் டிக் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராவி நிரப்பிவிடுவேன். திங்கட்கிழமை திரும்பக் கேள், வேறு பதில் வரலாம்.