பிரெஸ்காட்டின் பெரு: 1847 பதிப்பை வாங்கிப் படித்தேன்

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் நான். போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் முதலில் கையில் எடுத்தது இதைத்தான்: அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் பிரெஸ்காட் எழுதிய, தென் அமெரிக்காவின் பெருவை ஸ்பானியர்கள் கைப்பற்றிய வரலாறு, நியூயார்க் ஹார்பர் பிரதர்ஸ் 1847இல் போட்ட இரண்டு தொகுதிகள்.

துணி அட்டை மங்கிவிட்டது. முதல் தொகுதியின் முதுகு மேல்முனையில் பிய்ந்திருக்கிறது. ஆனால் தாளைச் சொல்ல வேண்டும். கந்தல் துணியில் செய்த அந்தக் காலத்துத் தாள். துருநிறப் புள்ளிகள் நிறைய இருந்தாலும் ஓரம் ஒடியவில்லை. இதைவிட அறுபது வருஷம் இளைய மரக்கூழ்த் தாள் புத்தகங்கள் என் அலமாரியில் அப்பளமாக நொறுங்குகின்றன. ஒரு குறை: முழுமையான பிரதி என்று விற்றார்கள், பின்னிணைப்பில் ஒரு தாளைக் காணோம். எழுதிக் கேட்டதும் கொஞ்சம் பணம் திருப்பித் தந்தார்கள்.

சரி, உள்ளே வருவோம். கல்லூரியில் யாரோ எறிந்த ரொட்டித் துண்டு பட்டு பிரெஸ்காட்டுக்கு ஒரு கண் போனது, மற்றதும் மங்கியது. ஆவணங்களை உதவியாளர்கள் வாசிக்கக் கேட்டு, பித்தளைக் கம்பிகள் கட்டிய சட்டத்தில் தடவித் தடவி எழுதினார். பெருவை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் 1532 நவம்பர் 16, கஹமார்க்கா சதுக்கம் நம் கண்முன் விரிகிறது. பாதிரியார் வல்வெர்தே நீட்டிய வேதப் புத்தகத்தை இன்கா அரசர் அதவல்பா புரட்டிப் பார்த்துத் தரையில் எறிகிறார். மறைந்திருந்த நூற்று அறுபத்துச் சொச்சம் ஸ்பானியர்கள் பாய்கிறார்கள்.

என்னை நிறுத்திய இடம் வேறு. சிறையில் அதவல்பா ஒரு சிப்பாயிடம் தன் விரல் நகத்தில் கடவுளின் பெயரை எழுதச் சொல்கிறார். அதை ஒவ்வொருவரிடமும் காட்ட, எல்லாரும் ஒரே சொல்லைப் படிக்கிறார்கள். ஸ்பானியப் படைத்தலைவர் பிஸாரோவிடம் காட்டியபோது அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. எழுத்தே இல்லாமல் முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்த நாட்டின் அரசர் அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்து, அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. தன்னை விடுவித்தால் 22 அடி நீளம், 17 அடி அகலமுள்ள அறையில் 9 அடி உயரம்வரை தங்கம் தருவதாக அதவல்பா சொன்னார். பொன் வந்து குவிந்தும் 1533இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். பிரெஸ்காட் இதை மூடி மறைக்கவில்லை, கறை என்றே எழுதுகிறார்.

ஆனால் இன்காக்களைக் காட்டுமிராண்டிகள் என்று அவர் சொல்லும் இடங்களில் மனசு கசக்கிறது. அவர் நம்பிய சாட்சிகளும் பெரும்பாலும் ஸ்பானியர்களே. ஆண்டிஸ் மண்ணின் மைந்தர் குவாமன் போமா தன் மக்களின் கதையை வரைந்து எழுதிய கையெழுத்துப் பிரதி கோபன்ஹேகன் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது 1908இல். பாவம், பிரெஸ்காட் 1859லேயே போய்விட்டார். இன்னொன்று, ஸ்பானிய வரலாற்றாசிரியர் சியேசா தெ லியோன் இன்காக்களைப் பற்றி எழுதிய நூலை, அது யாருக்காக அனுப்பப்பட்டதோ அந்த ஸ்பானிய அதிகாரி சார்மியெந்தோவே எழுதியதாக நினைத்து மேற்கோள் காட்டுகிறார். அடிக்குறிப்பில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் என் கை பென்சிலைத் தேடியது.

அடிக்குறிப்புகளில் ஸ்பானிஷ் அப்படியே கிடக்கிறது, பொறுமை வேண்டும். படித்தால் போதும் என்பவர்களுக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய பிரதிதான் வேண்டுமென்றால் பின்னிணைப்பின் ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிய்ந்த முதுகில் நான் பசை தடவவில்லை, பைண்டிங் கைவந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.