துண்டு விழுந்த கணக்கும் துரத்திச் சென்ற ஓர் இதழும்

லண்டனில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பலசரக்குக் கடைகள், பத்திரிகைக் கடைகள், ஒன்றிரண்டு பெட்ரோல் நிலையங்கள். உரிமையாளர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கல்லாவில் பத்துப் பவுண் குறைந்தாலும் அன்றிரவே எனக்குத் தொலைபேசி வந்துவிடும். அந்தப் பதற்றம் எனக்குப் பழகியது என்பதால்தான், ‘கம்ப்யூட்டர் வீக்லி’ இதழ், பிரித்தானியத் தபாலகக் கிளைகளின் கணக்கில் இல்லாத துண்டைக் காட்டிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பற்றி 2009 முதல் எழுதிவரும் செய்தித் தொகுப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பணம் எண்ணி வாழும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. குறைகளும் உண்டு, சொல்கிறேன்.

2009 மே மாதம் ரெபேக்கா தாம்சன் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். ஏழு உப தபாலதிபர்களின், அதாவது தபாலகக் கிளைகளைத் தம் பொறுப்பில் நடத்துபவர்களின், கதை அது. பிரிட்லிங்டனில் லீ காசில்டன்: கணக்கு ஒத்துவரவில்லை என்று உதவித் தொலைபேசிக்கு 91 முறை பேசியவர். அவர்மேல் வழக்குப் போட்ட தபாலக நிறுவனம் ஏறக்குறைய 3,21,000 பவுண் செலவுத் தொகையை அவர் தலையில் சுமத்தியது, அவர் திவாலானார். ஹாம்ப்ஷயர் கிராமத்தில் ஜோ ஹாமில்டன்: உதவித் தொலைபேசியில் சொன்னபடியே விசைகளை அழுத்தும்போது அவர் கண்ணெதிரே குறைத்தொகை இரட்டிப்பானது. வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் நோயல் தாமஸ்: வாழ்நாள் முழுவதும் தபால் வேலை பார்த்தவர், அறுபதாவது பிறந்தநாளைச் சிறையில் கழித்தார். இவர்களுக்கெல்லாம் தபாலகம் சொன்னது ஒன்றுதான்: வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான். அந்தப் பொய்யை முதலில் உடைத்தது இந்தக் கட்டுரை. ஏழு பேரை ஒரே கட்டுரையில் அருகருகே நிறுத்தியதே பெரிய வேலை.

தாம்சன் கண்ணீர்க் கதை எழுதவில்லை. இயந்திரத்தைப் பற்றி எழுதினார். தினசரிகள் இந்த ஏழு பேரிடமும் திருடினாயா இல்லையா என்று கேட்டிருக்கும். கணினித் துறைக்கென்று நடக்கும் ஓர் இதழ், மென்பொருளில் வழு, அதாவது பிழை, இருக்குமா என்று கேட்டது. கேள்வி சரியாக அமைந்ததால் விடையும் சரியான இடத்தில் தேடப்பட்டது.

கணக்கு எழுதுகிறவளாக என்னை உலுக்கிய பகுதியைச் சொல்ல வேண்டும். என் தொழிலில் துண்டு விழுந்தால் முதல் வேலை, எந்தப் பதிவில் விழுந்தது என்று பின்னோக்கிப் போவது. ரசீதை எடுப்போம், வங்கி அறிக்கையை எடுப்போம், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவோம். ஹொரைசன் முன்னால் உட்கார்ந்தவருக்கு அந்த வசதியே கொடுக்கப்படவில்லை. கணக்குக் காலம் முடியும்போது இயந்திரம் ஒரு தொகையைக் காட்டும். கையிருப்பு அதைவிடக் குறைவாக இருந்தால் சொந்தப் பணத்தைப் போட வேண்டும், அல்லது பிறகு கட்டுவதாக ஏற்க வேண்டும். ‘இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை’ என்று சொல்லத் திரையில் ஒரு பொத்தான்கூட இல்லை. ஏற்காவிட்டால் அடுத்த கணக்குக் காலத்துக்குள் போக முடியாது. கடையைத் திறக்க வேண்டுமே என்று ஏற்றுக்கொண்டவர்கள்மேல் பிறகு ‘பொய்க் கணக்கு எழுதினாய்’ என்று குற்றம் சாட்டினார்கள். ஜோ ஹாமில்டன் சிறைக்குப் போகாமலிருக்க அந்தக் குற்றத்தையே ஒப்புக்கொண்டார். இந்த இடத்தைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வழுக்கள் கற்பனை அல்ல. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் வழுவை மட்டும் சொல்கிறேன். 8,000 பவுண் வரவை உறுதிசெய்யும்போது திரை உறைந்து நின்றது. மீண்டும் மீண்டும் விசையை அழுத்த, ஒவ்வோர் அழுத்தத்தையும் புதிய வரவாக இயந்திரம் எழுதிக்கொண்டது. இல்லாத 24,000 பவுண் கணக்கில் ஏறியது. எந்தக் கடைக்காரரும் செய்யக்கூடிய செயல்தான் இது. உறைந்த திரையை யார் ஒருமுறை மட்டும் அழுத்துகிறார்கள்?

இதைவிடக் கொடியது இன்னொன்று. கிளைக் கணக்குகளை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று தபாலகம் ஆண்டுக்கணக்காகச் சொன்னது. மென்பொருளைச் செய்த ஃபுஜிட்சுவின் பொறியாளர்களால் தொட முடிந்தது. அங்கே வேலைபார்த்த ரிச்சர்ட் ரோல் முன்வந்து சொன்னார். தபாலகமே புலனாய்வாளராகவும் இருந்தது, வழக்குத் தொடுப்பவராகவும் இருந்தது, பணத்தை இழந்ததாகச் சொல்பவராகவும் இருந்தது. கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும் சட்ட நிலை வேறு. இவை நான்கும் ஒரே மனிதர்மேல் ஒரே நேரத்தில் விழுந்தால் எப்படித் தப்புவார்? 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சர்ரேயின் வெஸ்ட் பைஃப்ளீட்டில் சீமா மிஸ்ரா 2010 நவம்பரில், கருவுற்றிருந்த நிலையில், தம் மகனின் பத்தாவது பிறந்தநாளன்று சிறைக்கு அனுப்பப்பட்டார்.

பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசியர்கள் ஏராளம். சந்தேகத்துக்குரியவர்களை வகைப்படுத்தத் தபாலகப் புலனாய்வாளர்கள் பயன்படுத்திய ஆவணமொன்றில் இழிவான இனச் சொற்கள் இருந்தது 2023இல் வெளிவந்தது. அதைத் தோண்டி எடுத்தது தகவல் பெறும் உரிமையைப் பயன்படுத்திய ஒரு பொதுமக்கள் செயற்பாட்டாளர். பத்திரிகையாளரின் வேலையைக் குடிமக்களும் சேர்ந்து செய்த விவகாரம் இது என்பதற்கு அதுவே சான்று.

இனி, தொகுப்பைப் பயன்படுத்தும் அனுபவம். பழைய செய்திகளுக்குப் போக நல்ல வழி, இந்த விவகாரம் பற்றிய எந்தப் புதிய செய்தியையும் திறந்து கடைசிவரை போவது. 2009 முதல் தாங்கள் எழுதியவற்றைக் கால வரிசையில் அடுக்கிய பட்டியல் கிடைக்கும். அது நீண்டுகொண்டே போகிறது; பெரும்பாலானவற்றில் கார்ல் ஃப்ளிண்டர்ஸ் என்ற ஒரே செய்தியாளரின் பெயர். அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடியது. வேறு எந்தச் செய்தியறையும் ஒருவரை இத்தனை ஆண்டுகள் ஒரே பொருளில் விட்டுவைத்திருக்குமா என்று தெரியாது.

குறைகள்: ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் அதே பின்னணிப் பத்தி வருகிறது. புதிதாக வருபவருக்கு உதவும். தொடர்ந்து படிப்பவருக்குச் சலிப்பு. சில பக்கங்கள் மின்னஞ்சல் முகவரி கேட்கின்றன. துறைச் சொற்களுக்கு விளக்கம் குறைவு. என் வாடிக்கையாளர்கள் போன்றவர்கள் தனியாகப் படித்தால் திணறுவார்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வேல்ஸின் உப தபாலதிபர் அலன் பேட்ஸ் இந்த இதழுக்கு முதலில் எழுதியது 2004இல். கட்டுரை வந்தது ஐந்தாண்டுகள் கழித்து. அந்த இடைவெளியில் சிறை சென்றவர்களில் நோயல் தாமஸும் ஒருவர். ஆனால் வெளிவந்த பிறகும் தேசிய நாளிதழ்கள் அதைத் தொடவில்லை என்பதை நினைக்கும்போது, என் கோபம் இந்த இதழைவிட அவர்கள்மேல்தான் அதிகம் போகிறது. ‘பிரைவேட் ஐ’ என்ற நையாண்டி இதழும், பிபிசியின் உள்ளூர் வானொலியில் இருந்த நிக் வாலிஸும் விதிவிலக்குகள்.

உப தபாலதிபர்கள் கூட்டாகத் தபாலகத்தின்மேல் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் வந்த தீர்ப்பை ஒட்டிய செய்திகளைத் தவறவிடாதீர்கள். தபாலகத்தின் மறுப்புகள் பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்று நீதிபதி ஃப்ரேசர் எழுதினார். வழக்காடிய 555 பேருக்கு 57.75 மில்லியன் பவுணுக்கு உடன்பாடு. அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனையை மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தபின்தான் நாடே கொதித்தது. அதே ஆண்டு மே மாதம் நூற்றுக்கணக்கானோரின் தண்டனையை நாடாளுமன்றமே சட்டமியற்றி நீக்கியது. 2025 ஜூலையில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கை, குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்கிறது.

ஹொரைசனுக்கு முன்பு, தொண்ணூறுகளில், ‘கேப்சர்’ என்ற மென்பொருளைச் சில கிளைகள் பயன்படுத்தின. அதனாலும் துண்டு விழுந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று 2024இல் ஒரு சுயாதீன ஆய்வு சொன்னது. அந்தத் தலைமுறையினரின் வழக்குகளையும் இதே இதழ் விடாமல் எழுதிவருகிறது. ஆசிரியர் குழுவுக்கு என் கோரிக்கை ஒன்றுதான்: அந்த நீண்ட பட்டியலுக்கு ஒரு பெயர்ச் சுட்டியும், துறைச் சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்க விளக்கமும் சேருங்கள். கடைக்காரர்கள் இதைத் தாங்களே படிக்க அது போதும்.