ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸ்டீரியோ: இந்த முறை ஊரில் பார்த்த வேலை

ஊருக்குப் போகும்போது அமெரிக்காவிலிருந்து பழைய ரிசீவர் (ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் ஒன்றானது), இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் எல்லாம் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்பவே சுற்றும் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த பழைய டர்ன்டேபிள் என்றால் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். சுருதி ஏறக்குறைய மூன்று சுரஸ்தானம் இறங்கி, சுசீலா பாட்டை சீர்காழி பாடுவதாகக் கேட்கும். பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் திருகு உள்ள ஜப்பான் ரிசீவர் என்றால் ஓடும்தான். ஆனால் பதினைந்து கிலோ இரும்பைப் பெட்டியில் வைத்துவிட்டு அம்மாவுக்கு எதைக் கொண்டுபோவது?

ஆகவே எல்லாவற்றையும் சென்னையிலேயே வாங்குவதென்று முடிவு. நங்கநல்லூர் வீட்டுப் பரணில் அப்பாவின் எல்.பி.க்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன, போட்டுக் கேட்கத்தான் எதுவும் இல்லை. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு.

விலை விஷயம் இங்கேயும் அங்கேயும் தலைகீழ். நியூ ஜெர்ஸியில் கராஜ் சேலில் நல்ல ஆம்பிளிஃபயர் சல்லிசாகக் கிடைக்கும். ரிப்பேருக்குக் கொடுத்தால் திறந்து பார்க்கவே நூறு டாலர் கேட்பார்கள். சென்னையில் பழைய சாமானுக்கு ‘ஆன்டிக்’ என்று பெயர் வைத்து விலையை ஏற்றிவிட்டார்கள். ரிப்பேர் கூலிதான் நம்ப முடியாத மலிவு. அதனால் ‘சூப்பர் கண்டிஷன்’ என்று சொல்லி விற்கிற சாமானுக்குப் பணத்தைக் கொட்டாமல், ஓடாத சாமானை மலிவாக வாங்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆம்பிளிஃபயர் ஓ.எல்.எக்ஸ்-இல் கிடைத்தது. கொல்கத்தாவில் செய்த பழைய சோனோடைன், ஒரு பக்கம் மட்டும் பாடும், வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம். மூவாயிரத்துக்குப் பேசி முடித்து, மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி, மடியில் இருந்ததைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன்.

அந்தத் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஆம்பிளிஃபயரைக் காட்டினால் பாதிக் கடைகளில் ஒரே வைத்தியம்தான். “உள்ளே இருக்கிறதை எல்லாம் கழட்டிடலாம் சார். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் வச்சுக்கிட்டுப் புது போர்டு போட்டுத் தர்றேன், ப்ளூடூத், யு.எஸ்.பி. எல்லாம் வந்துடும், பாஸ் அள்ளும்.” அவர்களைக் குறை சொல்லவில்லை. 4440, எஸ்.டி.கே. என்று ஐ.சி. சிப் பெயரில் வரும் ஆம்பிளிஃபயர் போர்டுகளை அசெம்பிள் செய்தே நம் ஊர் டீக்கடை முதல் கல்யாண வீடு வரை பாட வைத்தவர்கள் இவர்கள். ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல.

நரசிங்கபுரம் தெருப் பக்கம் மாடியில் ஒரு பாய் இருக்கிறார் என்று போர்டு கடைக்காரரே கைகாட்டி அனுப்பினார். பாய் ஆம்பிளிஃபயரை நேராக ப்ளக்கில் செருகவில்லை. மேஜையோரம் ஒரு பலகையில் நூறு வாட் குண்டு பல்பு. அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, கம்பி மட்டும் லேசாகச் சிவந்து நின்றது. “ஷார்ட் இல்ல சார். இருந்திருந்தா பல்பு எரிஞ்சுக்கிட்டே நிக்கும், உங்க டிரான்சிஸ்டர் பிழைச்சுக்கும்” என்றார். சோதிக்க எத்தனை மல்டிமீட்டர் வந்தாலும் இந்தச் சீரிஸ் பல்பு வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பது என் கட்சி.

அப்புறம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். பெரிய கண்டன்சர் (கெப்பாசிட்டர்) இரண்டும் தலை வீங்கியிருந்தன. ஊமையான பக்கத்தில் ஒரு டிரை ஜாயிண்ட், அதாவது பற்று விட்டுப்போன சால்டரிங்; பாகத்தின் கம்பிக் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையம், அவர் குச்சியால் தட்டியதும் ஸ்பீக்கர் இருமியது. கண்டன்சர்களை மாற்றி, கன்ட்ரோல்களுக்கு க்ளீனர் அடித்து, கூலியும் சாமானுமாக ஆயிரத்து எண்ணூறு. கழற்றிய பழைய கண்டன்சர்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். பில் இல்லை, ஜிபே உண்டு.

ஸ்பீக்கரில்தான் வயிறு எரிந்தது. வாங்கிய ஜோடியில் கோனை (அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு) சுற்றியிருந்த ஃபோம் ஓரம், தொட்டாலே உதிர்ந்தது. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஃபோம் தாங்காது. துணி மடிப்போ ரப்பரோ உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தச் செலவே இல்லை. ஓரத்தை மட்டும் மாற்றச் சொல்லி இன்னொரு கடையில் கொடுத்துவிட்டு மறுநாள் போனால், கேட்காமலேயே கோனை முழுசாகக் கிழித்து, சவுண்ட் சர்வீஸ் பெட்டிக்குப் போடுகிற விறைப்பான கோனை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பழைய கோன் எங்கே என்றால் குப்பையில் என்கிறார்கள். “இதுதான் சார் சவுண்டு தரும்.” தரும், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு. பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அதுவும் குரலை உயர்த்திய பிறகு. பாயிடம் சொன்னபோது தெரிந்தவர் ஒருவரிடம் பொருத்தமான கோன் போட ஏற்பாடு செய்தார். கடைக்காரரிடம் என்ன செய்யப்போகிறார் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

டர்ன்டேபிள், யாரோ எண்பதுகளில் துபாயிலிருந்து கொண்டுவந்தது, 220 வோல்ட். பெல்ட் உருகித் தாராகியிருந்தது. டேப் ரிக்கார்டர் பெல்ட் விற்கும் கடையில் நூல் பிடித்து அளந்து புதுசு வாங்கியாயிற்று. வீட்டுக்குத் தூக்கும்போது டர்ன்டேபிளின் சுழலும் தட்டைக் கழற்றித் தனியாகப் பொதிந்து, ஊசி பிடிக்கும் கையை அதன் தாங்கியோடு கட்டி, பின்னால் உள்ள எடையையும் கழற்றிவிடுங்கள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கினால் ஊசி போய்விடும். பழைய செராமிக் பிக்கப் (ஊசி பொருத்திய தலை) இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். அது இசைத்தட்டின் மேல் ஐந்தாறு கிராம் அழுத்தி உழும். மேக்னடிக் பிக்கப் இரண்டு மூன்று கிராமோடு நிற்கும், ஆனால் ஃபோனோ இன்புட் (டர்ன்டேபிளுக்கென்றே உள்ள இணைப்பு) உள்ள ஆம்பிளிஃபயர் வேண்டும். அப்பாவிடம் உள்ள பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகளுக்கு வேறு அகல ஊசி தேவை. அதை இந்த முறை தொடவில்லை.

வேகம் சரிபார்க்கும் கோட்டுத் தாளை (விளக்கடியில் சுற்றும்போது கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தெரிந்தால் வேகம் சரி) அமெரிக்காவிலிருந்து கொண்டுபோகாதீர்கள். நிமிடத்துக்கு 33 1/3 சுற்று வேகத்துக்கு அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்கு 216 கோடு, ஊரில் 50 ஹெர்ட்ஸுக்கு 180.

பரணிலிருந்த தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்ததில் பெரும்பாலும் போய்விட்டது. புதிதாகத் தட்டு வேண்டுமென்றால் சென்ட்ரல் பக்கம், 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்குப் பதிலாகக் கட்டிய வளாகத்தில் விற்கிறார்கள். இளையராஜா தட்டுகளுக்கு நம் உச்சரிப்பைக் கேட்டதும் விலை ஏறுகிறது. மாமாவை அனுப்பி வாங்கினேன். வெயிலில் பிடித்துக் கீறல் பாருங்கள், கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்து வளைவு பாருங்கள்.

மொத்தம் இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலும் ஷட்டர்தான், அதனால் பயணத்தின் முதல் வாரத்திலேயே ரிப்பேருக்குக் கொடுத்துவிடுங்கள். பாய் நாளை என்றால் நாளை மறுநாள்.